வயல் தோப்பாகிறதா? சித்தூர் வட்டத்தில் செயற்கைக்கோள் படங்களால் சாகுபடி நில மாற்றத்தைக் கண்காணிக்கும் முழுமையான வழிகாட்டி

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்ஞாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி, நல்லேப்பிள்ளி, பெருமாட்டி ஆகிய ஊராட்சிகளில் நெல்வயல் தென்னந்தோப்பாவதையும், தோப்பு வீட்டுமனையாவதையும், வயல் சில ஆண்டுகள் தரிசாகக் கிடந்து மீண்டும் வயலாவதையும் இலவசப் படங்களைக் கொண்டே ஆண்டுவாரியாகப் பின்தொடர முடியும். புதிதாக இதில் இறங்குகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். பழைய படம் ஒன்றையும் புதிய படம் ஒன்றையும் அருகருகே வைத்து, பச்சை குறைந்த இடத்தையெல்லாம் மாற்றம் என்று குறித்துவிடுகிறார்கள். ஒரு நிலம் ஓர் ஆண்டுக்குள் எப்படிப் பச்சையாகி எப்படிக் காய்கிறது என்பதைப் பார்த்து, அந்தப் போக்கு ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறதா என்று கேட்பதே சரியான வழி. கீழே உள்ள வரிசை அதற்காகவே அமைந்தது. படிகளை மாற்றிச் செய்தால் பின்னால் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய நேரும்.

1. கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

"எங்கள் பாடசேகரத்தில் 2016-க்குப் பிறகு எத்தனை ஏக்கர் நெல்வயல் தென்னையாக மாறியது?" என்பது வேலைக்கு உதவும் கேள்வி (பாடசேகரம் என்பது ஒன்றாகச் சாகுபடி செய்யும் நெல்வயல்களின் தொகுதி). "விவசாயம் எப்படி மாறியிருக்கிறது?" என்பது உதவாது. எந்த நிலம், எதிலிருந்து எதற்கு, எந்த ஆண்டிலிருந்து என்ற மூன்றும் கேள்வியில் இருக்க வேண்டும், ஏனெனில் எந்தச் செயற்கைக்கோள், எந்த மாதம், எந்தக் குறியீடு (படத்திலிருந்து கணக்கிடும் எண்) என்பதையெல்லாம் அவையே தீர்மானிக்கின்றன.

கேரளத்தில் இன்னொரு காரணமும் உண்டு. நெல்வயல் மற்றும் தண்ணீர்த்தடப் பாதுகாப்புச் சட்டம் 2008 ஆகஸ்ட் 12 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்த நாளில் நிலம் எந்த நிலையில் இருந்தது என்பதைப் பொறுத்தே, நெல்வயல்களையும் ஈரநிலங்களையும் பதிவு செய்யும் டேட்டா பேங்க் பட்டியலில் அதன் இடம் அமைகிறது. உங்கள் கேள்வி அந்த நாளைத் தொடுமானால், தேவைப்படும் படங்கள் வேறு, நம்பகத்தின் அளவும் வேறு.

2. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

கணினியில் இலவச வரைபட மென்பொருளான க்யூஜிஐஎஸ், பழைய உயர்தெளிவுப் படங்களைப் புரட்டிப் பார்க்கக் கூகுள் எர்த் புரோ, படங்களைப் பெறக் கோப்பர்நிக்கஸ் பிரவுசரிலும் அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் எர்த் எக்ஸ்ப்ளோரரிலும் ஒவ்வொரு கணக்கு ஆகியவை போதும். பத்து ஆண்டுப் படங்களை ஒன்றாக அலச வேண்டுமானால் கூகுள் எர்த் எஞ்சின் வசதியானது. படங்களைத் தரவிறக்காமல் அங்கேயே கணக்கிடலாம். ஆனால் முதல் முறை ஒன்றிரண்டு படங்களையாவது க்யூஜிஐஎஸில் கையால் திறந்து பார்த்துவிடுங்கள். எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரியாதவர்க்கு, பிழையும் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது.

இரண்டாவது, நில எல்லைகள். சர்வே எண்ணுடன் கூடிய வரைபடம் வில்லேஜ் ஆபீஸிலிருந்து கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கூகுள் எர்த்தில் வரப்பைப் பின்பற்றி வரைந்து கே.எம்.எல். கோப்பாகச் சேமித்துக்கொள்ளலாம். எதுவாயினும் எல்லா அடுக்குகளையும் மீட்டரில் அளக்கும் யு.டி.எம். ஆயமுறையின் 43 வடக்கு மண்டலத்துக்கு, அதாவது இ.பி.எஸ்.ஜி. 32643-க்கு மாற்றிவிடுங்கள். அட்ச, தீர்க்கரேகைப் பாகை அளவிலேயே விட்டுவிட்டால் பரப்பளவு பொருளற்ற எண்ணாக வந்து நிற்கும்.

மூன்றாவதை எவரும் முன்கூட்டித் தேடுவதில்லை: பயிர் நாட்காட்டி. உங்கள் பகுதியில் முதல் போகம் எப்போது விதைத்து எப்போது அறுக்கிறார்கள், இரண்டாம் போகம் எப்போது, எந்த ஆண்டு தண்ணீர் வராமல் ஒரு போகம் விட்டுப்போனது என்பவற்றைக் கிருஷி பவனிலும் (வேளாண் அலுவலகம்) பாடசேகர சமிதியிலும் (அந்த வயல்களின் விவசாயிகள் குழு) கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப் புழைக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. ஆழியாற்றுத் தண்ணீர் வர வேண்டும். அது எந்த மாதத்தில் எவ்வளவு வருகிறது என்பதைப் பொறுத்து நடவுத் தேதி நகர்கிறது. வாய்க்காலின் தலைப்பகுதியில் கதிர் வந்திருக்கும்போது கடைமடையில் நடவே முடியாமல் இருக்கலாம். இந்தக் குறிப்பு கையில் இல்லாதவர் தாமத நடவைப் படத்தில் பார்த்துவிட்டுத் தரிசு என்று எழுதிவிடுவார்.

3. நிலத்தின் அளவும் படத்தின் அளவும் பொருந்துகின்றனவா?

சென்டினல்-2 படத்தில் ஒரு படப்புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது ஏறத்தாழ இரண்டரை சென்ட். லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது சுமார் 22 சென்ட். ஐம்பது சென்ட் வயல் ஒன்று சென்டினலில் 20 புள்ளிகளாகவும் லேண்ட்சாட்டில் இரண்டே கால் புள்ளியாகவும்தான் விழும்.

இருபதும் முழுதாகக் கிடைக்காது. நம் பக்கத்து வயல்களின் வரப்பில் தென்னையும் பனையும் வரிசையாக நிற்கின்றன. விளிம்புப் புள்ளியில் பாதி நெல், பாதி ஓலை. அறுவடை முடிந்த பின்னும் அந்தப் புள்ளி பச்சையாகவே இருக்கும். அதனால் ஒவ்வொரு வயலின் எல்லையையும் 10 மீட்டர் உள்நோக்கிச் சுருக்கி, உள்ளே அடங்கும் புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். சதுரமான ஐம்பது சென்ட் வயலின் பக்கம் 45 மீட்டர். சுருக்கினால் 25 மீட்டர். மிஞ்சுவது ஆறு புள்ளிகள். நீளமும் ஒடுக்கமுமான துண்டு நிலத்தில் ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். அப்படிப்பட்ட நிலங்களைத் தனிப் பட்டியலில் வைத்து, "இந்த முறையால் சொல்ல இயலாது" என்று குறித்துவிடுங்கள். இருபது சென்ட் நிலத்தைப் பற்றி லேண்ட்சாட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்வது யாருக்கும் நியாயம் செய்யாது.

4. எந்த ஆண்டுக்கு எந்தப் படம்

2017-க்குப் பிறகு சென்டினல்-2 போதும். 2015-இல் முதல் கோளும் 2017-இல் இரண்டாவதும் ஏவப்பட்டபின், ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தின் படம் கிடைக்கிறது. அதற்கு முந்தைய காலத்துக்கு லேண்ட்சாட்: 5ஆம் கோள் 1984 முதல் 2011 இறுதி வரை, 8ஆம் கோள் 2013 முதல், 9ஆம் கோள் 2021 முதல். ஒவ்வொன்றும் 16 நாளுக்கு ஒருமுறை வரும். 1999-இல் ஏவிய லேண்ட்சாட் 7, 2003 மே இறுதியில் ஒரு கருவி பழுதானதால் அதன்பின் குறுக்குக் கோடுகளாக இடைவெளி விழுந்த படங்களையே தந்தது. அந்தக் கோடுகள் ஒவ்வொரு முறையும் சரியாக ஒரே இடத்தில் விழுவதில்லை. எனவே பல தேதிகளைச் சேர்த்தால் இடைவெளி ஓரளவு நிரம்பும். 2012-க்கு லேண்ட்சாட் வரிசையில் வேறு வழியில்லை.

2008-இன் நிலையைப் பார்க்க, லேண்ட்சாட்டுடன் இந்தியாவின் ரிசோர்ஸ்சாட் கோளின் லிஸ்-3, லிஸ்-4 படங்களும் உள்ளன. லிஸ்-4 படத்தின் புள்ளி 5.8 மீட்டர் என்பதால் வரப்பும் மரவரிசையும் ஓரளவு பிரிந்து தெரியும்.

5. ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு காலங்களை எடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் கடைப்பிடிக்க உங்களுக்கு நேரம் இருக்குமானால், அது இந்தப் படியாக இருக்கட்டும்.

தாவரக் குறியீடு, அதாவது என்.டி.வி.ஐ., அண்மை அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வரும் எண். சென்டினல்-2-இல் அவை 8ஆம், 4ஆம் பட்டைகள் (ஒவ்வொரு பட்டையும் ஒளியின் ஒரு பகுதியைப் பதியும் தனி அடுக்கு). லேண்ட்சாட் 5, 7-இல் 4ஆம், 3ஆம் பட்டைகள். லேண்ட்சாட் 8, 9-இல் 5ஆம், 4ஆம் பட்டைகள். கோளுக்குக் கோள் பட்டை எண் மாறுவதை மறந்து ஒரே சூத்திரத்தை ஒட்டுவது அடிக்கடி நேரும் பிழை.

ஜனவரியில் இரண்டாம் போக நெல் தழைத்து நிற்கும் வயலின் குறியீடு 0.7-ஐத் தாண்டும். அதே மாதம் பக்கத்துத் தென்னந்தோப்பு 0.6 காட்டலாம். அந்த ஒரு படத்தில் இரண்டும் பச்சைதான், பிரிக்க முடியாது. அறுவடை முடிந்து, கோடை மழை வருவதற்கு முன், மார்ச் பிற்பகுதியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ எடுத்த படத்தைப் பாருங்கள். வயல் 0.2 அளவுக்கு விழுந்து வெறும் அரிதாளும் மண்ணுமாகக் கிடக்கும். தோப்பு ஏறத்தாழ இருந்த இடத்திலேயே இருக்கும். உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள இந்த வேறுபாடே வயலின் அடையாளம். ஆண்டுதோறும் ஏறி இறங்கிக்கொண்டிருந்த நிலம் ஏறி இறங்குவதை நிறுத்திவிட்டால், அங்கே ஏதோ நடந்திருக்கிறது.

ஆகவே ஒவ்வோர் ஆண்டுக்கும் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை ஒரு காலமும், மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை ஒரு காலமும் வகுத்து, ஒவ்வொன்றிலும் கிடைக்கும் தெளிவான படங்கள் அனைத்தின் இடைநிலை மதிப்பை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை) எடுங்கள். ஒற்றைப் படத்தை நம்பினால் மெல்லிய மேகமோ, நேற்றுப் பெய்த மழையோ எண்ணைக் கெடுத்துவிடும். உங்கள் பாடசேகரத்தின் நாட்காட்டி வேறாக இருந்தால் காலங்களை நகர்த்துங்கள், ஆனால் எல்லா ஆண்டுகளுக்கும் ஒன்றாகவே நகர்த்துங்கள். கோடை மழை முன்னதாகப் பெய்த ஆண்டில் வயலில் களை முளைத்துத் தாழ்வு மதிப்பு உயர்ந்துவிடும். அந்த ஆண்டைக் குறிப்புடன் ஒதுக்கிவைக்கலாம்.

கிழக்கே வடகரப்பதி, எருத்தேன்பதிப் பக்கம் நிலைமை வேறு. அங்கே கரிசல் நிலத்தில் நிலக்கடலையும் மக்காச்சோளமும் காய்கறியும் மழையைப் பார்த்து விதைக்கப்படுகின்றன. உச்சம் அக்டோபர், நவம்பரில் வரலாம். நெல்லுக்கு வகுத்த காலங்களை மானாவாரிக்கு அப்படியே பொருத்தாமல், அந்தப் பகுதியைத் தனியாகப் பிரித்துத் தனி நாட்காட்டியுடன் பாருங்கள்.

6. மேகத்தையும் மேக நிழலையும் நீக்குங்கள்

"மேகம் 10 சதவீதத்துக்குக் கீழ்" என்று வடிகட்டினால் போதும் என்று நினைப்பது தவறு. அந்தச் சதவீதம் முழுப் படத்துக்கும் உரியது. மிச்சமிருக்கும் மேகம் உங்கள் வயலின் மேலேயே நிற்கக்கூடும். சென்டினல்-2-உடன் வரும் நில வகைப்பாட்டுப் பட்டையில் 3 என்பது மேக நிழல், 8, 9 மேகம், 10 உயர்மட்ட மெல்லிய மேகம். இந்த நான்கையும் புள்ளிவாரியாக நீக்குங்கள். நிழலை விட்டுவிடுவது மேகத்தை விட்டுவிடுவதைவிடக் கெடுதலானது. மேகம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்துவிடும், நிழலோ நனைந்த வயலைப் போலவே இருந்து ஏமாற்றும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியில் தெளிவான படம் அரிது. முதல் போகத்தைப் பார்த்தே ஆக வேண்டுமானால் மேகத்தை ஊடுருவும் ரேடார் கோளான சென்டினல்-1-ஐப் பயன்படுத்துங்கள். நடவுக்காகத் தண்ணீர் கட்டிய வயல் ரேடாரில் கருமையாகவும், பயிர் வளர வளர வெளிச்சமாகவும் தெரியும். தோப்பு எப்போதும் வெளிச்சமாகவே இருக்கும்.

7. எண்களை ஒப்பிடத் தகுந்தவையாக்குங்கள்

இந்தப் படியைத் தவறவிட்டால் எல்லா வயலும் ஒரே ஆண்டில் மாறியதாகத் தோன்றும். 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 படங்களின் எண்களில் 1000 கூட்டப்பட்டு வருகிறது. பழைய படத்தையும் புதிய படத்தையும் திருத்தாமல் ஒப்பிட்டால் 2022-இல் தாவரக் குறியீடு ஊரெங்கும் சரிந்தது போல் தெரியும். எர்த் எஞ்சினில் 'ஹார்மனைஸ்டு' என்ற பெயருள்ள தொகுப்பை எடுத்தால் இது ஏற்கெனவே சரிசெய்யப்பட்டிருக்கும். கையால் தரவிறக்கினால், அந்தத் தேதிக்குப் பிந்தைய முறையில் வந்த படங்களில் 1000-ஐக் கழித்துக்கொள்ள வேண்டும்.

லேண்ட்சாட் இரண்டாம் தொகுப்பின் (கலெக்‌ஷன் 2) தரைப்பிரதிபலிப்புப் படங்களில், அதாவது வளிமண்டல விளைவு நீக்கிய படங்களில், எண்ணை 0.0000275-ஆல் பெருக்கி 0.2-ஐக் கழித்த பிறகே குறியீட்டைக் கணக்கிட வேண்டும். விகிதம்தானே, பெருக்காவிட்டால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். பெருக்கல் மட்டும் என்றால் அது சரி. கழித்தலும் இருப்பதால் விகிதமே மாறிவிடுகிறது. லேண்ட்சாட்டையும் சென்டினலையும் ஒரே கோட்டில் இணைத்து வரையவும் வேண்டாம். பட்டைகளின் அகலம் வேறு, புள்ளியளவு வேறு.

இதே கட்டத்தில் படங்கள் இடம் விலகாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். வாய்க்கால் பிரியும் மதகு, சாலைச் சந்திப்பு, குளக்கரை மூலை போன்ற நகராத சில இடங்களைக் குறித்து, ஒவ்வோர் ஆண்டுப் படத்திலும் அவை அதே இடத்தில் விழுகின்றனவா என்று சோதித்தால் போதும். சர்வே வரைபடம்தான் பெரும்பாலும் விலகியிருக்கும். படத்துக்கு ஏற்ப வரைபடத்தை நகர்த்தி, எவ்வளவு நகர்த்தினீர்கள் என்று எழுதிவையுங்கள்.

8. நடவுத் தண்ணீரைத் தேடுங்கள்

நெல்லை மற்றப் பருவப் பயிர்களிலிருந்து பிரிப்பது நடவுக்கு முன் வயலில் நிற்கும் தண்ணீர். அண்மை அகச்சிவப்பையும் குறுஅலை அகச்சிவப்பையும் கொண்டு கணக்கிடும் ஈரக் குறியீடு, சென்டினலில் 8ஆம், 11ஆம் பட்டைகளால் கிடைக்கும். நடவுக் காலத்தில் சில நாட்களுக்கு இது தாவரக் குறியீட்டை எட்டிப்பிடிக்கும் அல்லது தாண்டும். பயிர் மூடியதும் மீண்டும் கீழே போகும். 11ஆம் பட்டையின் புள்ளி 20 மீட்டர் என்பதால் சிறு வயல்களில் இதை ஆதரவுச் சான்றாக மட்டும் கொள்ளுங்கள்.

நனைந்த கரிசல் மண்ணும் படத்தில் தண்ணீரைப் போல் தோன்றலாம். மழை பெய்த மறுநாள் எடுத்த ஒற்றைப் படத்தை வைத்து நெல் நட்டதாக முடிவு கட்டாமல், அடுத்தடுத்த இரண்டு படங்களிலும் அந்த அறிகுறி நிற்கிறதா என்று பாருங்கள்.

9. எதை மாற்றம் என்பது என்று விதி வகுங்கள்

நிலைமை தெரிந்த சில வயல்களையும் சில தோப்புகளையும் முதலில் தேர்ந்து, அவற்றின் உச்ச–தாழ்வு வேறுபாடு உங்கள் பகுதியில் எவ்வளவு என்று பாருங்கள். வயலில் 0.4-க்கு மேலும், முதிர்ந்த தோப்பில் 0.2-க்குக் கீழும் இருந்தால் இரண்டுக்கும் நடுவே எல்லையை வைக்கலாம். வேறொரு மாவட்டத்தின் எல்லை எண்ணைக் கடன் வாங்காதீர்கள்.

ஓர் ஆண்டுக் குறைவை வைத்து எதையும் சொல்லக் கூடாது. 2016-இல் இரு பருவமழையும் பொய்த்து, கேரளத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அந்த ஆண்டையும் அதற்கு முந்தைய ஆண்டையும் மட்டும் ஒப்பிட்டால் நல்ல வயலும் கைவிட்ட நிலமாகத் தெரியும். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் புதிய போக்கு நின்றால் மட்டுமே மாற்றம் என்று குறியுங்கள். அதுவரை "கவனத்தில்" என்ற பட்டியலில் இருக்கட்டும்.

மூன்று விதமான மாற்றம் மூன்று விதமாகத் தெரியும். மண்ணடித்து நிரப்பிய நிலம் ஒரே ஆண்டில் உச்சத்தை இழந்து, எல்லாக் காலத்திலும் தாழ்ந்து கிடக்கும். கைவிட்ட வயல் மழைக்காலத்தில் களையால் பச்சையாகி, நடவுத் தண்ணீரின் அறிகுறி இல்லாமல் ஏறி இறங்கும். தென்னை வைத்த வயல்தான் கடினம். கன்றுகள் ஏறத்தாழ ஏழரை மீட்டர் இடைவெளியில் நடப்படுவதால் ஒரு புள்ளிக்குள் ஒன்றிரண்டு கன்றுகளே விழும். முதல் சில ஆண்டுகள் படம் பார்ப்பது கன்றுகளுக்கு நடுவிலுள்ள வெறும் மண்ணை, அல்லது ஊடுபயிராக வைத்த வாழையை. ஓலை விரிந்து தாழ்வு மதிப்பு மெல்ல மெல்ல உயரும்போதுதான் குறியீடு அதைச் சொல்கிறது. ஆகவே குறியீடு காட்டும் ஆண்டை நட்ட ஆண்டாக எழுதக் கூடாது. நட்ட ஆண்டை அறியக் கூகுள் எர்த்தின் பழைய படங்களைப் புரட்டுங்கள்: வயலின் நடுவே வரிசையாகக் குழிகளோ சிறு மேடுகளோ முதன்முதலில் தெரியும் படத்தின் தேதிக்கும் அதற்கு முந்தைய படத்தின் தேதிக்கும் இடையில் நடவு நடந்திருக்கிறது.

10. வயலுக்குப் போங்கள்

மாற்றம் என்று வந்தவற்றை மட்டும் போய்ப் பார்ப்பது பாதி வேலை. மாறவில்லை என்று வந்தவற்றிலும் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்து பார்த்தால்தான் எவற்றைத் தவறவிட்டீர்கள் என்பது தெரியும். சாலையோரத்து நிலங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். சாலையோரம்தான் வேகமாக மாறுகிறது, எனவே அது ஊர் முழுமைக்கும் சான்றாகாது.

இருப்பிடக் குறியீட்டுடன் நான்கு திசையிலும் படம் எடுங்கள். அங்கே இருப்பவரிடம் "அண்ணா, இந்த வயல்ல கடைசியா எப்போ நெல் வெச்சது?" என்று கேளுங்கள். "மாற்றிவிட்டீர்களா?" என்று கேட்டால் வழக்குக்கு வந்தவர் என்று நினைத்து யாரும் பேசமாட்டார்கள். வந்த காரணத்தையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது அவர்களுக்கு நாம் தர வேண்டிய மரியாதை.

11. பரப்பளவைத் திருத்திச் சொல்லுங்கள்

வரைபடத்தில் மாற்றமென நிறமிட்ட புள்ளிகளைக் கூட்டி, அதையே பரப்பளவாகச் சொல்வது பரவலான பழக்கம். அது பிழை. உதாரணத்துக்கு, 1000 ஹெக்டேரில் 100 ஹெக்டேர் மாறியதாக வரைபடம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 100-இலிருந்து தேர்ந்த 50 இடங்களில் 40 மட்டுமே நேரில் சரியாக இருந்தால், உண்மையில் மாறியது 80 ஹெக்டேர். மாறாததெனக் காட்டிய 900 ஹெக்டேரில் பார்த்த 100 இடங்களில் 3 இடங்கள் மாறியிருந்தால், தவறவிட்டது 27 ஹெக்டேர். திருத்திய மதிப்பீடு 107 ஹெக்டேர். மாறாத பகுதி பெரிதாக இருப்பதால் அங்கே நேரும் சிறு பிழைகூடக் கணக்கைப் புரட்டிவிடும் என்பதற்காகவே முந்தைய படியில் அவற்றையும் பார்க்கச் சொன்னது.

12. அறிக்கையில் எழுத வேண்டியவை

ஒவ்வொரு நிலத்துக்கும் பயன்படுத்திய கோள், படங்களின் தேதிகள், உள்ளே விழுந்த புள்ளிகளின் எண்ணிக்கை, ஆண்டுவாரியான உச்சமும் தாழ்வும், நேரில் பார்த்த தேதி ஆகியவற்றை ஒரு வரிசையாக எழுதுங்கள். தண்டப்பேர் எண்ணையும் (நிலவரிக் கணக்கு எண்) உரிமையாளரின் பெயரையும் பொதுவில் பகிரும் பிரதியிலிருந்து நீக்கிவிடுங்கள்.

டேட்டா பேங்கிலிருந்து நிலத்தை நீக்கக் கோரும் படிவம் 5 விண்ணப்பங்களில், கேரள மாநிலத் தொலையுணர்வு மற்றும் சுற்றுச்சூழல் மையத்தின் படவறிக்கையே அதிகாரபூர்வச் சான்றாகப் பரிசீலிக்கப்படுகிறது. நீங்கள் தயாரித்த வரைபடம் அதற்கு மாற்றாகாது. ஆனால் எந்தத் தேதிப் படத்தைக் கேட்க வேண்டும், வந்த அறிக்கை ஒற்றைத் தேதியை மட்டும் நம்பியிருக்கிறதா, அந்தத் தேதி அறுவடைக்கு முன்னதா பின்னதா என்று விண்ணப்பதாரரோ பாடசேகர சமிதியோ கேள்வி எழுப்ப அது போதுமானது.